ரவிக்கைக்கு ஏது பாக்கெட்?

முதலியார்பேட்டை கொளஞ்சிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். வாய் திறப்பதற்கு இன்னும் கொஞ்சம் நேரமாகும். காது மிஷின் வாங்கப் போன அன்று கோபம் மூக்கோடு நின்றுபோனது.

சின்ன வயதில் காதில் சீழ் வைத்ததிலிருந்து அவளுக்குக் கேட்பது மங்கிக்கொண்டே வந்தது. ஐம்பதை நெருங்கும்போது பக்கத்தில் வந்து கத்தினால்தான் உண்டு. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியின் சத்தம் அவளுக்குப் போதவில்லை. கடைக்காரர் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பெட்டியை எடுத்து, அதன் ஒயர் முனையை அவள் காதில் செருகினார். தலைக்கு மேலே மின்விசிறி கடகடப்பது கேட்டது. கொளஞ்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத எங்க வச்சுக்கறது சார்?"

"சட்டைப் பாக்கெட்டுல மாட்டிக்கணும்மா." சொன்ன பிறகுதான் அவர் அவளைப் பார்த்தார். "ரவிக்கைக்குள்ள செருகிக்குங்க. லேடீஸ் எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. தகரக் கூரை, பக்கத்திலேயே மூடி வார்க்கும் அச்சு மிஷின்களின் அனல். ரவிக்கைக்குள் இருந்த பெட்டி, துணி உரசும் கரகர சத்தத்தைத்தான் காதில் கொட்டியது. அக்கினி நட்சத்திரம் முடிவதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

"உள்ள வேர்வை இறங்கியிருக்கு. வாரன்டி வராது," என்றார் கடைக்காரர். "ஜாக்கிரதையா வச்சுக்கத் தெரியலன்னா நாங்க என்னா பண்றது?"

இப்போது வாயும் திறந்தது. "ஊர்ல ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் காது கேக்காதா சார்? ரவிக்கைக்கு ஏது பாக்கெட்? நீங்கதான உள்ள செருகச் சொன்னீங்க? இப்ப எனக்குத் தெரியலன்றீங்களே!"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மிஷினை ரிப்பேருக்கு வாங்கி வைத்துக்கொண்டார்.

மிஷின் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சி அதற்குப் பை தைக்க ஊசியும் நூலுமாக உட்கார்ந்தாள். கோபத்தில் தைத்ததாலோ என்னவோ, முதல் பை உருப்படவில்லை. தடித்த வெல்வெட் துணி சத்தத்தை விழுங்கிவிட்டது. திறந்து மூட வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்திருந்தாள். பிரித்தால் காதுக்குள் தகரத்தைக் கிழித்த மாதிரி இருந்தது. இரண்டையும் பிய்த்தெறிந்தாள். உடைந்த குடையிலிருந்து துணி வெட்டி, உடம்பைத் தொடும் பக்கத்துக்கு வைத்தாள். வேர்வை அதைத் தாண்டாது. பெட்டி ஆடாமலிருக்க உள்ளே மெல்லிய பஞ்சு அட்டை. சத்தம் நுழையும் துளைகளுக்கு நேரே ஜன்னல் மாதிரி வெட்டி, கொசுவலைத் துண்டை இழுத்துத் தைத்தாள். மூடுவதற்கு ரவிக்கைக் கொக்கியே போதும். வெளிப்பக்கத்துக்கு மட்டும் நல்ல மிளகாய்ச் சிவப்பில் துணி. கழுத்தில் நாடா கட்டிப் புடவைக்கு மேலேயே தொங்கவிட்டுக்கொண்டாள். மறைக்க இனி இஷ்டமில்லை.

மறுநாள் கம்பெனி கேட்டில் சூப்பர்வைசர் ராஜ்கமல் மறித்தான்.

"இன்னாக்கா இது, போனா?"

"காது மிஷின் தம்பி."

"எதுவா இருந்தாலும் உள்ள வுட்டுக்க. இன்னிக்கு வெளியூர் பார்ட்டி வராங்க. கழுத்துல ஒயரு, பையின்னு, பாக்க நல்லாவா இருக்கும்?"

"உள்ள வச்சுத்தான் ஒருவாட்டி கெட்டுப்போச்சு."

"அப்ப கழட்டி இங்க வச்சிட்டுப் போ. இல்லன்னா வூட்டுக்குப் போ."

ஒரு நாள் கூலியை நினைத்துக் கழற்றிக் கொடுத்தாள். அதற்காகப் பிறகு தன்னையே நொந்துகொண்டாள்.

மதியத்துக்குள் அது நடந்தது. மூட்டை வண்டி தள்ளி வந்தவர் பின்னாலிருந்து கத்தியிருக்கிறார். அவளுக்கு எப்படிக் கேட்கும்? இரும்புச் சக்கரம் கணுக்காலில் மோதித் தோலை உரித்துவிட்டது. பக்கத்து மேசை அமுதவல்லி ஓடி வந்து தாங்கிப் பிடித்தாள். ராஜ்கமலும் வந்தான். "பாத்து நடக்கறதில்லையாக்கா?" என்றான். அவன் உதட்டசைவிலேயே அது புரிந்தது.

அடுத்த நாள் காலில் கட்டோடும் கழுத்தில் பையோடும் வந்தாள் கொளஞ்சி. ராஜ்கமல் இன்றும் கழற்றித் தரச் சொல்லிக் கை நீட்டினான். அவள் கொடுக்கவுமில்லை, வீட்டுக்குப் போகவுமில்லை. கேட்டுக்கு நட்டநடுவில் நின்றாள். பின்னால் வந்த அமுதவல்லியும் நின்றாள். அப்புறம் வந்தவர்களுக்கு உள்ளே போக வழியில்லை. முதலாளி ஜானகிராமனின் காரும் வெளியே நின்று ஹாரன் அடித்தது.

"என்னம்மா பிரச்சனை?" என்று கேட்டபடி அவர் இறங்கி வந்தார்.

"நீங்க அடிச்ச ஹாரன் எனக்குக் கேட்டுது சார். இது இருக்கறதால கேட்டுது. நேத்து இத புடுங்கி வச்சிட்டுத்தான் உள்ள அனுப்புனாங்க. கால பாருங்க. உங்க மூக்குக் கண்ணாடிய கழட்டி இங்க வச்சிட்டுக் கார் ஓட்டிக்கிட்டு உள்ள போங்கன்னா போவீங்களா?"

"நேத்து பார்ட்டி வராங்கன்னு உள்ள வச்சுக்கத்தான் சொன்னேன் சார்..." என்று ராஜ்கமல் இழுத்தான்.

"பொய் சார்," என்றாள் அமுதவல்லி. "கழட்டுன்னாரு. நேத்து நான் பக்கத்துலதான் நின்னேன்."

ஜானகிராமன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "போட்டுக்கிட்டே வேலை பாரும்மா. கால் வைத்தியத்துக்கு ஆபீஸ்ல பணம் வாங்கிக்க," என்றார். வருத்தம் தெரிவிக்கும் வார்த்தை ஒன்றும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

கொளஞ்சி நொண்டியபடி தன் மேசைக்குப் போனாள். பின்னால் ராஜ்கமல் யாரிடமோ முணுமுணுத்தான்: "செவுட்டுக்கு வாய் மட்டும் கொறச்சலில்ல."

கொளஞ்சி நின்று திரும்பினாள். மூக்கு சிவந்திருந்தது.

"கேட்டுச்சு தம்பி. இத்தன வருசமா என் முதுகுக்குப் பின்னால இன்னும் என்னென்ன பேசுனீங்களோ! இனிமே பாத்துப் பேசு."

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தான். சாயங்காலம் வரை அவளுக்கு ஆத்திரம் தணியவில்லை. மூடிகளைக் கூடையில் சற்றுப் பலமாகவே போட்டுக்கொண்டிருந்தாள்.