ஓரகத்தியின் நிறம்

2004-ஆம் வருடம், ஆவணி மாதம். அழகர்கோவிலில் என் மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்தினோம். எல்லோரும் குழந்தையைப் பார்க்க, என் கண் மட்டும் ஓரகத்தி மேலேயே இருந்தது.

கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தபோது என்னைவிட ஒரு படி கறுப்பு அவள். ஒரே வருடத்தில் ஆளே வெளுத்துப்போயிருந்தாள். முகமும் பூசினாற்போல இருந்தது. சொந்தக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டு என்ன கிரீம் என்று கேட்க, சிரித்து மழுப்பினாள்.

எனக்கு வயிறு எரிந்தது. நான் திருப்பரங்குன்றத்தில் மாமியார், இரண்டு பிள்ளைகள், அடுப்படி என்று அல்லாடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு மதுரை கே.கே. நகரில் தனிக்குடித்தனம். மாதம் தவறாமல் புருஷனோடு சென்னைப் பயணம் வேறு. ஊருக்கு வந்தாலும் மாமியார் அவளை ஒரு குடம் தூக்க விடமாட்டார். கேட்டால், அவளுக்கு உடம்பு சேராது என்று பேச்சை முடித்துவிடுவார்.

அன்று பந்தி தாமதமானது. யாரோ மறுபடியும் அவள் நிறத்தைப் புகழவும், என்னால் தாங்க முடியவில்லை.

"உக்காந்த இடத்துக்குச் சோறு வந்தா யாருக்கும்தான் வெளுக்கும்" என்றேன்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் எழுந்து போனாள். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

சற்று நேரத்தில் குழந்தைக்கு வெந்நீர் எடுக்க மண்டபத்தின் பின்பக்கம் போனேன். அவள் வாந்தியெடுத்துவிட்டு, ஒரு காலைப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தொட்டுப் பார்த்தேன், கெண்டைக்கால் கல்லாய் இறுகிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை. சாப்பிட்ட பிறகு போட வேண்டியதை, நேரமாகிறதே என்று வெறும் வயிற்றில் போட்டுவிட்டாளாம்.

காலை நீவிவிட்டுக்கொண்டே என்ன மாத்திரை என்று கேட்டேன். ரத்தப் புற்றுநோய்க்கு என்றாள்.

கெட்ட அணுக்களைக் குறிவைத்து அடக்கும் புது மருந்தாம். முடி கொட்டவில்லை, ஆனால் ஒருநாள்கூட அவளாக நிறுத்தக் கூடாது. கண்ணைச் சுற்றி வீக்கம், குமட்டல், கால் பிடிப்பு, எல்லாம் அதனால்தான்.

"இந்த வெளுப்பும் மாத்திரையாலதான்க்கா."

என்னிடம் ஏன் மறைத்தாய் என்றேன். நோயாளியாகப் பார்ப்பீர்களே என்று பயந்தாளாம். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "இதைப் போடுற வரைக்கும் பிள்ளை உண்டாகக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். உங்க மடியில பிள்ளையப் பாக்குறப்ப எனக்கு எம்புட்டுப் பொறாமையா இருக்கும் தெரியுமாக்கா? தப்பா நினைச்சுக்கிறாதீங்க."

நான் ஓடிப்போய்ப் பந்திக்கு முன்பே ஓர் இலையில் சோறு வாங்கி வந்தேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

இன்றும் அந்த மாத்திரையோடு, கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறாள். தன் பொறாமையை அன்றே என்னிடம் சொல்லி மன்னிப்பும் கேட்டுவிட்டாள் அவள். அவள் மேல் எனக்கிருந்த பொறாமையை இத்தனை வருடமாகியும் அவளிடம் ஒப்புக்கொள்ள எனக்குத்தான் தைரியம் வரவில்லை.