சக்கரக்காரரும் கம்பிக்காரரும்

அவர் செய்த சக்கரம் சட்டைப் பொத்தானை விடச் சிறியது. மாடியறையிலும் கார் கொட்டகையிலும் குட்டித் தண்டவாளம் போட்டு, மலை, பாலம், நிலையம் எல்லாம் கட்டி, நிஜ ரயிலை அப்படியே சுருக்கி ஓடவிட்டு மகிழ்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கான சக்கரம் அது. அவர்கள் மத்தியில் அவருக்குச் சக்கரக்காரர் என்றுதான் பெயர்.

அப்பா தொடங்கிய தொழில். வீட்டின் கீழறையில் இரும்பைக் கடைகிற லேத். அதன் முன்னால் சக்கரக்காரர். பக்கத்து மேசையில் அவருடைய அக்கா, சக்கரங்களை ஜோடி பார்த்து உறைகளில் போடுவாள், ஆர்டர் எடுப்பாள், மிரட்டுகிறவர்களைத் திருப்பி மிரட்டுவாள். அத்தான் இறந்த பிறகு இந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். தம்பிக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், "பொண்ணு பார்க்கக் கிளம்புற அன்னைக்கெல்லாம் அவசர ஆர்டர் வந்துடும்" என்பாள்.

சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கு மெல்லிய எஃகுக் கம்பி வேண்டும். மயிரளவு கோணல் இருந்தாலும் ரயில் நொண்டும். வேறொரு ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு கொட்டகையில் எஃகை அந்த மெல்லிய கம்பியாக இழுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூத்தவரிடம்தான் சக்கரக்காரர் பேசுவார். ஆளைப் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம். ஒரு நாள் காலையில் அந்தக் குரல் கூப்பிட்டது.

"சார், இந்த மாசத்தோட நிறுத்திக்கிறோம். தம்பி தவறிட்டான். ஒத்தை ஆளா என்னால முடியல."

"அடடா."

"உங்கள நடுவுல விடுறோமேன்னுதான் இருக்கு சார்."

"பரவாயில்லைங்க. உடம்பப் பாத்துக்குங்க."

பெரிய ஆலை ஒன்றில் கேட்டுப் பார்த்தார். அங்கே பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "லாரி லோடுக்குக் குறைஞ்சு நாங்க தர்றதில்ல சார்." ஒரு வருடத்துக்குத் தேவையான கம்பியைச் சக்கரக்காரர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்துவிடுவார். கடையில் கிடைத்த வேறு கம்பியில் அச்சு செய்து, மேசையோரத்தில் சோதனைக்கென்று வைத்திருந்த தண்டவாளத்தில் ஒரு பெட்டியை உருட்டினார். பெட்டி குடிகாரன் மாதிரி தள்ளாடி ஓரமாய்ச் சாய்ந்தது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடிடலாமாடா?"

"சரிக்கா."

அவ்வளவுதான் பேச்சு. அப்பா காலத்துத் தொழில், டீ ஆறுவதற்குள் முடிவுக்கு வந்துவிட்டது.

சேதி பரவியதும் தொலைபேசி ஓயவில்லை. துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். விசாரித்த கையோடு இருக்கிற சக்கரத்தையெல்லாம் கேட்டார்கள். கண் டாக்டர் ஒருவர் விசும்பியே விட்டார், அவருடைய சரக்கு ரயில் பாதியில் நிற்கிறதாம். இன்னொருவருக்குக் கோபம். "முன்னாடியே சொல்றதில்லையா?"

"நீங்க கடைசியா எப்ப வாங்கினீங்க?" என்றாள் அக்கா.

"அது... கொஞ்ச வருஷம் இருக்கும்."

"அப்பவே சொல்லியிருக்கணும்தான்" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள்.

கையிலிருந்த கம்பி தீரும்வரை சக்கரக்காரர் கடைந்தார். வாழ்நாளில் அவ்வளவு வேலை இருந்ததில்லை. வருத்தம் வரும் வரும் என்று எதிர்பார்த்தார். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பது போல, அப்பாவை நினைத்தார், அப்பா முதன்முதலில் லேத்தை வீட்டுக்குள் இறக்கிய நாளை நினைத்தார். ஒன்றும் வலிக்கவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்று அக்கா சொன்னபோதுதான் அன்று சாப்பிட்டது உப்பில்லாத சாப்பாடு என்று அவருக்குத் தெரிந்தது.

பூட்டு சாவி செய்கிற ஒருவர் லேத்தை வாங்கிக்கொண்டார். ஆட்களோடு வந்து, அதைச் சுற்றிக் கயிறு கட்டும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"இதுல என்னங்க செஞ்சுட்டிருந்தீங்க?"

"பொம்மை ரயிலுக்குச் சக்கரம்."

அக்கா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். பொம்மை என்று யாராவது வாய் தவறிச் சொன்னால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, அது பொம்மை இல்லை என்று அரை மணி நேரம் விளக்கம் சொல்கிற ஆள் தம்பி. இன்று அவர் வாயிலேயே அந்த வார்த்தை வந்தது. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அக்காவுக்கு முட்டிவலி, மாடி ஏற முடிவதில்லை. காலியான கீழறைக்கே அவளுடைய கட்டிலை இறக்கினார்கள்.

அதற்கடுத்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குட்டையாக, ஒல்லியாக ஒருவர் வாசலில் நின்றார். செய்தித்தாளில் சுற்றிய நீளமான கட்டொன்றைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்தியிருந்தார்.

"சக்கரக்கார சார் வீடு இதுதானுங்களே?"

குரலைக் கேட்டதும் புரிந்துவிட்டது. ஆனால் சக்கரக்காரர் இத்தனை வருடமும் அந்தக் குரலுக்கு உயரமான, பருத்த ஒருவரைத்தான் மனதில் வைத்திருந்தார்.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க."

கம்பிக்காரர் செருப்பைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். "கொட்டகைய ஒழிக்கறப்ப பரண்ல கிடைச்சுது சார். என் தம்பி உங்களுக்குன்னு இழுத்து வச்சிருக்கான், எங்கிட்ட சொல்லவே இல்ல. இன்னும் சில வருஷம் தாராளமா வரும். நீங்களும் மூடப்போறதா கேள்விப்பட்டேன். பார்சல்ல போட்டா எங்கயாவது வளைச்சிடுவானுங்கன்னு நானே ஓடி வந்துட்டேன்."

பேசிக்கொண்டே உள்ளே வந்தவர் நின்றுவிட்டார். அறையில் கட்டில் இருந்தது. கட்டில் மேல் அக்கா உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள்.

"லேத் எங்க சார்?"

"குடுத்தாச்சுங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால், பிறகு அடக்கமாட்டாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "தப்பா நினைக்காதீங்கண்ணா, உங்களப் பாத்து இல்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையானது என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பிக்காரர் கட்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கொஞ்சம் முன்னாடியே பரண்ல ஏறியிருக்கலாம்" என்றார் தரையைப் பார்த்து.

சக்கரக்காரர் கட்டைப் பிரித்து ஒரு கம்பியை உருவினார். தரையில் வைத்து விரல் நுனியால் தள்ளினார். கம்பி ஓர் இடத்திலும் துள்ளாமல் சுவர்வரை உருண்டு போய் நின்றது.

"நேரா இருக்கு" என்றார்.

"தம்பி கை சார்."

அன்று அங்கேயே சாப்பிடச் சொன்னாள் அக்கா. சாப்பிடும்போது கம்பிக்காரர் கேட்டார். "காலைல எழுந்து என்ன பண்றீங்க?"

"ஷேவ் பண்ணிக்கிறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. நீங்க?"

"நான் ஷேவும் பண்றதில்ல."

கம்பிகளைக் கண் டாக்டருக்கே அனுப்பிவிடலாம் என்று அக்கா சொன்னாள், அவருக்குத் தெரிந்தவர் எவரிடமாவது சின்ன லேத் இருக்கலாம். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பஸ் நிறுத்தத்தில் பிரியும்போது கம்பிக்காரர், "ஒரு தடவை நம்ம ஊருக்கு வாங்க" என்றார். எல்லாரும் சொல்வது போலத்தான் சொன்னார். "வரேன்" என்று இவரும் எல்லாரும் சொல்வது போலத்தான் சொன்னார்.

ஆனால் போனார். கொட்டகையை யாரோ சிமெண்டு மூட்டை அடுக்க வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வெளியே இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்தார்கள். மூட்டை ஏற்றுகிறவர்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். சாயங்கால பஸ்ஸில் திரும்பினார். அடுத்த மாதமும் போனார், அதற்கடுத்த மாதமும்.

"அங்க போய் என்னடா பேசுவீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"பேச என்ன இருக்கு."

"பேசாம உக்காரவா இவ்வளவு தூரம் போற?"

"ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு அவர் அங்கே போட்டுப்போகிற சட்டையைத் துவைக்கப் போட்டார்.