ரெண்டாந்தண்ணி

மருமகள் கழுவிக் கவிழ்த்த ஆறு டம்ளர்களையும் மாமியார் ஒவ்வொன்றாக நிமிர்த்தி மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். கோபத்தோடு அல்ல. கோபத்தோடு கழுவியிருந்தால் மருமகளுக்குச் சண்டை போடவாவது ஒரு வழி கிடைத்திருக்கும். மாமியார் தன்பாட்டுக்கு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அலசினாள்.

"அத்தை, நான் கழுவினதுல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அது முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கழுவிய கை. கத்தியோ கத்தரிக்கோலோ இடுக்கியோ, அவள் தேய்த்து அலசி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் ஆவியில் வேகப் போகும். ரெண்டாந்தண்ணி ஊற்றாத எதையும் அவள் சுத்தம் என்று ஒப்புக்கொண்டதில்லை. அங்கே நர்ஸிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் 'ரெண்டாந்தண்ணி அக்கா'. ஓய்வு பெற்றபோது வேலை ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டது. பழக்கம் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்று அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் மருமகளின் குரல் கேட்டது. "உங்க அம்மா திட்டினாக்கூடத் தாங்கிப்பேன். நாலு வருஷமா நான் கழுவி வச்ச ஒரு டம்ளர் இந்த வீட்ல அப்படியே நின்னதில்ல."

"அம்மா எல்லார்கிட்டயும் அப்படித்தான். மனசுல வச்சுக்காத" என்றான் மகன்.

தனிக்குடித்தனம் போக இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். அம்மா சபையோடு ஊழியப் பயணம் போய் வந்ததும் அந்த வீட்டுக்காரரிடம் முடிவு சொல்வதாகப் பேச்சு. ரெண்டாந்தண்ணி அக்கா மடித்த துணியை உதறி மறுபடியும் மடித்தாள். இருப்பது ஒரே மகன். ஆனால் குற்றம் தன்மேல் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மருமகளின் குணம் மாற வேண்டும் என்று அன்றைக்கும் ஜெபித்துவிட்டுத்தான் படுத்தாள்.

பயணம் கடல் தாண்டியது. அங்கே ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வார அறுவைச் சிகிச்சை முகாம். சபையிலிருந்து ஒன்பது பேர். வழியனுப்பும் கூட்டத்தில் பாஸ்டர், "நம்ம அக்கா கழுவினா பாவத்தைத் தவிர எல்லாம் போயிடும்" என்றார். சபையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள், கொஞ்சம் பெருமையோடு. அந்த ஊருக்குச் சுத்தம் என்றால் என்னவென்று கற்றுக்கொடுக்கவே ஆண்டவர் தன்னை அனுப்புகிறார் என்று நினைத்து, பெட்டியில் நாலு பிரஷ்களை வைத்துக்கொண்டாள்.

அங்கே கழுவும் அறையில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். ஏறக்குறைய அக்காவின் வயது, தடித்த உடம்பு, ரப்பர் ஏப்ரன், கருவி அலமாரியின் சாவி கழுத்தில். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. அக்கா மனதுக்குள் அவளுக்குச் சாவிக்காரி என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் அக்கா நாற்பது கருவிகளைக் கழுவி வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கினாள். சாவிக்காரி வந்தாள், அன்பாகச் சிரித்தாள், நாற்பதையும் அள்ளித் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தாள்.

ஏதோ தெரியாமல் செய்கிறாள் என்று அக்கா விட்டுவிட்டாள். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள், அழுக்கு எதையாவது கண்டுபிடிக்கிறாளா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தாள். ஒரு தூசியும் அகப்படவில்லை. சாவிக்காரி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அலசிக்கொண்டிருந்தாள்.

வருஷாவருஷம் குழுவோடு வந்து அந்தப் பாஷையைக் கற்றிருந்த டாக்டரம்மாவிடம் அக்கா நேராகப் போனாள். "அந்த அம்மாகிட்ட என் சர்வீஸ் எத்தனை வருஷம்னு சொல்லுங்க."

"முதல் நாளே சொல்லிட்டேன்க்கா. அவங்க வர்ற எல்லாக் குழுகிட்டயும் அப்படித்தான். மனசுல வச்சுக்காதீங்க."

இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

அன்று மாலை கட்டிலருகே முழங்காலிட்டாள். "ஆண்டவரே, என் கையால ஒரு கத்தி அழுக்காப் போனதில்ல, உமக்குத் தெரியும். இவ திட்டினாக்கூட நான் தாங்கிப்பேன். நான் கழுவினதுல என்னதான் இருந்துச்சு..."

ஜெபம் அங்கேயே நின்றுவிட்டது. இது மருமகளின் வார்த்தை. நாலு வருஷமாக அவள் தொட்டியருகே நின்று கேட்டது. அக்கா ஆமென் சொல்லாமல் எழுந்தாள். அன்றைய ஜெபத்தை முடிக்க அவளுக்கு உரிமையில்லை என்று பட்டது.

அடுத்த நாளிலிருந்து அவள் கழுவினாள், அடுக்கினாள், மறுபடி கழுவப்படும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுலபமாக வரவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தது. காலையில் ஒரே விண்ணப்பம்: "வாய மூடிக்கிட்டு நிக்கிற பெலன் தாரும் சாமி." மருமகளின் குணத்தைப் பற்றிய விண்ணப்பத்தை விட்டுவிட்டாள்.

கடைசி நாள் ஆராதனையில், இயேசு சீஷர்களின் காலைக் கழுவியதுபோல, இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும் என்றார்கள். அக்கா வரும்போதே பிரஷ் போட்டு இரண்டு தரம் கால் கழுவிக்கொண்டுதான் வந்திருந்தாள். எதிரே வந்து உட்கார்ந்தது, வேறு யார், சாவிக்காரிதான். அவள் அக்காவின் கால்களைக் கழுவினாள். சொல்ல வேண்டுமா, மறுபடியும் ஒரு தரம் கழுவினாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அக்காவின் முறை. ஈரத்தில் நின்று நின்று வெடித்த குதிகால்கள், தன்னுடையதைப் போலவே. விரல் விரலாகக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்தாள்.

சாவிக்காரியின் கை தண்ணீர்க் குவளைக்குப் போனது.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். குவளையின் பிடியில் அந்தக் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு குவளையை ஓரமாக நகர்த்திவிட்டு, சாவிக்காரி செருப்பை மாட்டினாள். எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

அக்கா துண்டும் கையுமாக அப்படியே இருந்தாள். சபையார் பாட ஆரம்பித்தார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் அத்தனை பேர் குரலையும் மிஞ்சும்படி அவளும் பாடினாள், தமிழில், வேறொரு பாட்டை.

ஊர் வந்து சேர்ந்த சனிக்கிழமை மாலை, மருமகள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு டீயை இறக்கினாள். அக்கா ஒரு டம்ளரை எடுத்தாள். ஆண்டவரும் சும்மா விடுவாரா? அந்த டம்ளரின் அடியில் பழைய டீத்தூள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கை தானாகக் குழாய்க்குப் போனது. குழாய்த் திருகைத் தொட்டது. திரும்பி வந்தது.

அந்த டம்ளரிலேயே டீயை ஊற்றி ஒரு வாய் குடித்தாள்.

மருமகள் டம்ளரைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். "அத்தை, அதைக் கழுவலையே?"

"நீதான் கழுவிட்டியேம்மா."

மருமகள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த வீட்டுக்காரருக்கு இன்னிக்குத்தானே முடிவு சொல்லணும்?" என்றாள் அக்கா. "என்ன சொல்லப் போற?"

மருமகள் தொட்டியருகே கவிழ்ந்தபடியே நின்ற ஐந்து டம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா இன்னொரு தரம் கேட்கவில்லை. தன் டீயை எடுத்துக்கொண்டு சமையலறையை விட்டு வெளியே போனாள்.