ரயில்வே கேட்டில் ஏழு பாதத் தடங்கள்

முப்பது வருடம் ரோடு ரோலர் ஓட்டியவருக்குப் பெயரே ரோலர் என்றாகிவிட்டது. ஓய்வு பெற்றதும் கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டைப் பிடித்துக்கொண்டார். ரயில் அச்சு அசலாகத்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ரோடுதான் கண்ணை உறுத்தியது. கறுப்பு ரிப்பனை விரித்துப் போட்டால் அது ரோடா? "இதுமேல எவன்யா வண்டி ஓட்டினான்?" என்று கத்திவிட்டு, கேமராவும் கையுமாகக் கிளம்பினார்.

இரண்டு வருட உழைப்பு. டயர் தேய்த்து வெளுத்த தடம், ஓரம் நொறுங்கி மண்ணோடு கலக்கும் இடம், கேட் திறக்கக் காத்துநின்ற லாரிகள் சொட்டிய எண்ணெய்க் கறை, எல்லாவற்றையும் படமெடுத்துத் திரையில் ரோடாக்கினார். கேட்டை ஒட்டிய சிமெண்ட் பூச்சுக்குத் தன் வீட்டுக் கொல்லைத் தரையையே படமெடுத்துப் போட்டார்.

மனைவியின் தங்கை புருஷன் ஒருநாள் வந்தான். "பாத்துட்டுத் தரேன் சகலை" என்று எல்லாவற்றையும் பென் டிரைவில் வாங்கிப் போனான். போனவன், ரயில் விளையாட்டுச் சங்கத்தில் தன் கைவேலை என்று கொடுத்துவிட்டான். சங்கம் விளையாட்டுக்காக வெளியிடும் புது ரயில்பாதையின் முகப்புத் திரையில், 'சாலைகள்' என்பதற்குக் கீழே அவன் பெயர் வரப்போகிறதாம். நேரில் போய்க் கேட்டுவிடுவதென்று ரோலர் சட்டையை மாட்டினார்.

"கேட்டா சொந்தம் விட்டுப்போயிடுமேங்க" என்றாள் மனைவி.

"போகட்டும். நாலு பேர் முன்னாடி அவன் மூஞ்சி தொங்கணும். அதைப் பாக்காம எனக்குச் சோறு இறங்காது. கொல்லைல நீ எடுத்த படம் இன்னும் உன் போன்ல இருக்கா?"

இருந்தது.

வெளியீட்டு நாளன்று மேடையில், பெரிய திரையில் ரயிலை ஓட்டிக் காட்டியபடி சகலை அளந்துகொண்டிருந்தான். முன்வரிசையிலிருந்து ரோலர் எழுந்தார். "கேட்டுகிட்ட ரயிலை நிறுத்துங்க. அந்த சிமெண்ட்ல என்ன தெரியுது?"

"நாய்ப் பாதம் சகலை" என்றான் அவன் தெனாவட்டாக. "நாய் குறுக்கே ஓடின மாதிரி நானே ஒவ்வொண்ணா வரைஞ்சேன்."

"ஏழு பாதம்தானே இருக்கு. அப்புறம் நாய் எங்க போச்சு? பறந்துடுச்சா?"

கூட்டம் சிரித்தது. "தாண்டிக் குதிச்சிருக்கும்" என்று மழுப்பினான்.

ரோலர் மனைவியின் போனைச் சங்கச் செயலாளரிடம் நீட்டினார். படம் அதே திரையில் விழுந்தது. ரோலர் வீட்டுக் கொல்லை, அப்போதுதான் பூசிய ஈரச் சிமெண்ட், அதே ஏழு பாதம், மூன்றாவது பாதம் வழுக்கிய அதே கோடு. ஏழாவதுக்கு மேலே, நாயை வயிற்றோடு தூக்கிப் பிடித்து இளித்துக்கொண்டு நின்றவன் சாட்சாத் சகலையேதான்.

"அது உன் வீட்டு நாய்டா! அதோட காலே உனக்கு அடையாளம் தெரியல, நீ ரோடு போட்டியா?"

சகலையின் முகம் செத்துப்போயிற்று. ரோலருக்கு நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்வானேன். அங்கேயே பெயரை மாற்றினார்கள். செயலாளர் மெல்லக் கேட்டார்: "ஐயா, சொந்தக்காரர் பாவம், அந்தத் தடத்தை மட்டும் அழிச்சிடலாமா?"

"அழிக்கிறதா? இன்னும் பத்து கேட்டுல போடப்போறேன். அவன் எந்தப் பக்கம் ரயிலை ஓட்டினாலும் அவன் நாயே அவனைத் துரத்தணும்."