அப்பா எந்த மாநிலம்?

காலை 9.10. மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை எட்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அங்கே இறங்கி கேரள பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் வந்து நின்றார்.

"சேச்சி எங்கோட்டு?"

"பாறசாலை."

"பத்து ரூபா."

இந்த ஒன்றிலாவது எங்கள் மாநிலம் மேல். தங்கை ஜெசியிடம் இதைச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பையில் வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவம் இருந்தது. அம்மா இறந்த பிறகு அப்பா இரண்டு மாதம் என்னிடம், இரண்டு மாதம் பாறசாலைக்கு அடுத்த கொல்லயிலில் ஜெசியிடம் என்று முறைவைத்து இருக்கிறார். நான் அவர் பெயரைத் தமிழ்நாட்டில் சேர்த்தேன். விடுவாளா ஜெசி? கேரளத்தில் சேர்த்தாள். இரண்டு அரசாங்கமும் வெகுநாள் கண்டுகொள்ளவில்லை. இப்போது ஒருவருக்கு ஒரு இடம்தான் என்கிறார்கள். முந்திக்கொள்ளத்தான் இந்தப் பயணம்.

9.55. பாறசாலை சந்திப்பிலிருந்து ஆட்டோ, எழுபது ரூபாய். தென்னந்தோப்பு, வயல், மறுபடியும் தென்னை. எங்கள் ஊர் மாதிரியேதான். வீட்டு அடையாளம் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"வாயனசாலை அப்பச்சனுக்க வீடா? அவரு நமக்க ஆளாக்கும். நேத்தும் பேப்பர் வச்சு தர்க்கம் உண்டு."

இங்கே வாசகசாலை அப்பச்சன்; என் தெருவில் அப்பாவுக்குப் பெயரே கிடையாது. டீச்சர் வீட்டுப் பெரியவர், அவ்வளவுதான்.

10.15. அப்பா முற்றத்தில் மலையாளப் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார். கன்னம் பூசினாற்போல் இருந்தது.

"வா மக்கா, இரி" என்றார், விருந்தாளியை வரவேற்பதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜெசி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். அப்பா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் வீட்டில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறவர். பொறாமைதான். நாற்பத்தொன்பது வயதில், கூடப்பிறந்தவள்மேல்.

பாத்திரங்களை எடுத்த பிறகு என் படிவத்தையும் ஜெசி வாங்கி வைத்திருந்த கேரளப் படிவத்தையும் மேசையில் வைத்தோம்.

"எதுல ஒப்பு போடணும்னு நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள் ஜெசி.

அப்பா இரண்டையும் பார்த்தார். "அக்காவுக்க பேப்பர இஞ்ச தா."

கையெழுத்துப் போட்டார். ஜெசி அடுக்களைக்குள் போய்விட்டாள். எனக்குக் கண் நிறைந்தது. ஜெயித்துவிட்டேன் என்று வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

"துணியெல்லாம் எடுத்து வைக்கட்டாப்பா? இங்க ரெண்டு மாசம் ஆச்சுல்லா."

அப்பா பேனாவை மூடினார். "வேண்டாம் மக்கா. பேரு ஒனக்க வீட்டுல கெடக்கட்டும். நான் இனி இஞ்ச நிக்கியேன்."

மாலை 4.00. அப்பா வாசகசாலைக்குக் கிளம்பினார். போகிற வழியில் என்னை பஸ் நிறுத்தத்தில் விட்டார். பஸ் வரும்வரை நிற்கவில்லை, நண்பர்கள் காத்திருப்பார்களாம்.

எல்லையைக் கடக்கும்போது படிவத்தை இன்னொரு முறை பிரித்துப் பார்த்தேன். அரசாங்கத்திடம் கேட்டால் அப்பா என் வீட்டில்தான் இருக்கிறார்.