வெயிலில் கம்பளிக் கோட்டு

நாலு மாதம் சாப்பாட்டு மேசையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். பழைய காலத்து வெட்டில், இடை ஒடுங்கி, அகன்ற காலர் வைத்த ஒரு கம்பளிக் கோட்டு எனக்கு வேண்டியிருந்தது. காலர் விறைப்பாக நிற்க உள்ளே கான்வாஸ் வைத்து, வெளியே தெரியாத சின்னச் சின்னத் தையலாகக் கையாலேயே போட்டேன். ஈரத் தோர்த்துத் துண்டை விரித்து, அதன்மேல் இஸ்திரிப்பெட்டியை அழுத்தித் தோளுக்கு வளைவு கொண்டுவந்தேன்.

அதைப் போட்டுக்கொண்டுதான் உதியன்குளங்கரையில் அண்ணன் மகனின் கல்யாணத்துக்குப் போனேன். ஏப்ரல் மாதம்.

பந்தலில் மாப்பிள்ளையின் அம்மா, என் மைனி, கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்த வெயிலுல ஒரு பொம்பள கோட்டு போடுவாளா? ஆளுவ பாத்துச் சிரிக்காவ மக்கா. கழத்து."

எங்கள் பக்கத்துச் சர்ச் கல்யாணங்களில் என்ன வெயிலானாலும் மாப்பிள்ளைக்குக் கோட்டு உண்டு. மேடையில் மைனியின் மகன் டையும் கோட்டுமாக வேர்த்து வழிந்துகொண்டிருந்தான். அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

"மொதல்ல ஒங்க மவன கழத்தச் சொல்லுங்க மைனி," என்றேன்.

மைனிக்கு ரோஷம் வந்துவிட்டது. மேடையேறி, மகனின் கோட்டைத் தானே கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். பந்தியில் இருந்தவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இனி நீ கழத்து."

நான் திறந்து கிடந்த கடைசிப் பட்டனையும் பூட்டினேன்.

"அது கடையில வாங்கினது மைனி. இது நான் தச்சதாக்கும்."