பெயரைச் சொன்ன பெண்

அந்நிய மொழி கற்றுக்கொடுப்பது கூச்சமுள்ளவர்கள் செய்கிற வேலையல்ல. இருந்தும், கல்லூரியில் படித்த ஜெர்மனை நம்பி நான் இதில் வந்து மாட்டிக்கொண்டேன். எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லக் கூச்சப்பட்டவர்கள் எல்லோருக்கும் என் கஷ்டம் புரியும்.

சேர்ந்து சொல்வோம்

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால், ஒரு மாடிக் கூடத்தில் மாலை வகுப்பு. தேனாம்பேட்டை ஆபீஸ்களிலிருந்து வரும் இளைஞர்கள், மேற்கு ஜெர்மனியில் இருக்கும் மகனிடம் போகக் காத்திருந்த வைத்தியநாதன் மாமா, சில பெண்கள். நான் ஒரு வாக்கியம் சொன்னால் எல்லோரும் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். கீழே பூக்கடைவரை கேட்கும்.

முதல் மாதம் முடிந்ததும் ஒவ்வொருவரையும் தனியாகச் சொல்லச் சொன்னேன். எல்லோரும் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். என்ன ஆயிற்று என்று மாமாவிடம் கேட்டேன். ஓய்வு பெறும்வரை பெரிய அதிகாரியாக இருந்தவர், ரகசியம் போலச் சொன்னார்: "தனியாக் கேக்காதீங்கோம்மா. சேந்து சொன்னா தப்பு யாரோடதுன்னு தெரியாது."

கரும்பலகையில் ஒரு பெயர்

வடிவு, தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்தின் மருமகள். அவள் கணவர் ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். விசா வந்ததும் அவள் போக வேண்டும். அந்த ஊரில் தமிழ் பேச வேறு ஆள் கிடையாது. வகுப்பில் எல்லோரையும்விட வேகமாகப் படித்தவள் அவள்தான்.

அன்றைய பாடம் குடும்பம். உங்கள் கணவர் பெயர் என்ன என்று ஜெர்மனில் கேட்டேன். எழுந்து நின்றாள். கேள்வி புரியவில்லையோ என்று மறுபடி கேட்டேன். அவள் விடுவிடுவென்று கரும்பலகைக்குப் போய்ப் பெயரை அழகாக எழுதினாள். நாங்கள் படித்து முடித்ததும் முந்தானையாலேயே அழித்தாள். கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பதை நானும் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறேன். ஆனால் ஜெர்மனிலும் குறையுமா என்று யோசித்ததில்லை. வடிவு யோசித்திருந்தாள். "எழுதிட்டம்லா டீச்சர், சொல்லவும் செய்யணுமா?"

மாமனார்

விஷயம் வீட்டுக்கு எட்டி, அடுத்த நாளே அவள் மாமனார் வந்தார். மாடிக்கு ஏறவில்லை, படிக்கட்டின் கீழே செருப்போடு நின்றார். மரியாதையாகத்தான் பேசினார். மருமகள் படிக்கட்டும், ஆனால் அதைச் சொல்லச் சொன்னால் நாளையிலிருந்து வரமாட்டாள். அங்கே பேச வேண்டியதை மகன் பேசிக்கொள்வான். கடைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் கையைக் காட்டியே குடம் வாங்கிப் போகவில்லையா?

என் குரல் எனக்கே கேட்கவில்லை. குடத்தைக் காட்டலாம் என்றேன். உங்கள் மகனே காய்ச்சலில் பேச்சில்லாமல் படுத்துவிட்டால், யார் வீட்டுப் பெண் இவள் என்று டாக்டருக்கு எதைக் காட்டுவாள் என்று கேட்டேன். அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: "சரிம்மா, சொல்லட்டும். என் காதுல மட்டும் விழவேண்டாம்."

பெஞ்சு ஆஸ்பத்திரி

எங்கள் பாடப்புத்தகத்தில் இரண்டு கனவான்கள் நாடக அரங்கில் சந்தித்து, மழை வருமா என்று பக்கம் பக்கமாகப் பேசிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரி, போலீஸ், வாடகை கேட்கும் வீட்டுக்காரி ஒன்றும் வராது. வகுப்பை நடத்தும் நிர்வாகியின் முகச்சுளிப்பைப் பார்க்காதது போலப் புத்தகத்தை மூடி வைத்தேன். இரண்டு பெஞ்சுகளை நகர்த்தி ஆஸ்பத்திரி ஆக்கினோம். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்க, வரவேற்பு மேஜையில் வைத்தியநாதன் மாமா. பழைய அதிகாரத் தோரணை அவருக்குத் தானாகவே திரும்பிவிட்டது.

வடிவு பல நாள் அந்த மேஜைவரை வந்து வந்து திரும்பினாள். விசா வந்த வாரம், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கணவர் பெயரைச் சொன்னாள். மாமா விடவில்லை. கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கள் என்றார், ஜெர்மனில். இந்த முறை அவரைப் பார்த்தே சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. இடத்தில் வந்து உட்கார்ந்தவள், தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முணுமுணுத்தாள்: "அவுக என்னைய மன்னிச்சுக்கிடட்டும்."

திரும்பி வந்தபோது

போன மாசியில் வடிவு கைக்குழந்தையோடு வகுப்புக்கு வந்தாள். பின்னாலேயே, படியேறி, மாமனார். கணவருக்குத் தொழிற்சாலையில் விபத்து நடந்திருக்கிறது. வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. செய்தி வந்தபோது அவள் வீட்டில் தனியாக இருந்தாள். யாரையோ வழி கேட்டு டிராம் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். மேஜையில் இருந்த பெண் முதலில் கேட்டது, யாரைப் பார்க்க வேண்டும் என்று. நோயாளிகளைப் பார்க்கும் நேரம் முடிந்திருந்தது. மனைவி என்று தெரிந்ததால்தான் உள்ளே விட்டார்களாம்.

மாமனார் குழந்தையை வாங்கிக்கொண்டு ஜன்னலருகே போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். வடிவு அவர் காதிலும் விழும்படியாகத்தான் சொன்னாள். "பேரைச் சொன்னா அவுக ஆயுசு கொறையும்னு சொல்லி வளத்தாக, டீச்சர். அன்னைக்குச் சொல்லாம நின்னிருந்தா அவுக தனியால்ல கெடந்திருப்பாக."

இப்போதெல்லாம் என் வகுப்பில் முதல் நாளே எல்லோரும் வாயைத் திறந்துவிடுகிறார்கள். புது இடத்தில் யாராவது என் பெயரைக் கேட்டால் மட்டும் இன்னும் அவர்கள் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது.